நாய்க்குப் பின்னங்கால் விழுவது ஏன்?

திருவண்ணாமலையில் மலையை வலம் வரும் பாதை ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளமுடையது. பௌர்ணமிதோறும், கார்த்திகைத் தீபத்தின்போதும் இலட்சக்கணக்கான மக்கள் அப்பாதையில் நடக்கின்றனர். அவர்கள் இடும் உணவை நம்பிப் பல நாய்கள் அங்கே உயிர் வாழ்கின்றன. நாய்க்கு இடமளிப்பது இவ்வூருக்குப் புதிதன்று. ஸ்ரீ ரமணாசிரமத்தில் லக்ஷ்மி என்ற பசுவுக்கும், வள்ளி என்ற மானுக்கும் எழுப்பிய சமாதிகளுக்கு அருகே, ஜாக்கி என்ற நாயின் சமாதியையும் இன்று காணலாம்.

அதே பாதையிலும், அதைச் சூழ்ந்த கிராமங்களின் தெருக்களிலும் வேறொரு காட்சியையும் சில சமயம் காண்கிறோம். ஒரு நாய் முன்னங்கால்களை மட்டும் ஊன்றி, பின்னுடலைத் தரையில் இழுத்துக்கொண்டு நகர்கிறது. அதைக் கண்டதும், "வெறி பிடித்துவிட்டது" என்று சிலர் கல்லை எடுக்கின்றனர். வேறு சிலர் இரக்கத்தால் ஓடிச்சென்று அதை வாரி எடுக்கின்றனர். இரண்டும் தவறு. முதலாவது, பிழைக்கக்கூடிய ஒரு பிராணியைக் கொல்கிறது. இரண்டாவது, முதுகெலும்பில் அடிபட்ட நாயை நிரந்தர முடமாக்கலாம். அது உண்மையிலேயே வெறிநாயாக இருந்தால் தூக்கியவரின் உயிருக்கே உலை வைக்கலாம்.

ஆட்டுப்பட்டியைக் காப்பதும், மணிலாக் கொல்லையில் பன்றியை விரட்டுவதும், இரவில் வீட்டு வாசலைக் காப்பதும் நாயே. ஆகவே அதன் பின்னங்கால் ஏன் விழுகிறது, அப்போது செய்ய வேண்டியது யாது என்பதைக் குடியானவர்களும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் அறிந்திருத்தல் அவசியம்.

நரம்பு நெரிபடுவது எப்படி?

கடினமான ஈற்றுக்குப் பின் பசு எழ முடியாமல் கிடப்பதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். பெரிய கன்று இடுப்புக்கூட்டின் வழியே நெருக்கிக்கொண்டு வரும்போது, அங்கே செல்லும் நரம்புகள் எலும்போடு அமுங்கிவிடுகின்றன. கால் எலும்பு முறியவில்லை, தசையும் கெடவில்லை. எனினும் பசுவால் நிற்க முடிவதில்லை. "எழு" என்ற கட்டளை மூளையிலிருந்து புறப்பட்டும் காலைச் சென்றடையாததே காரணம். நாய்க்குப் பின்னங்கால் விழுவதும் பெரும்பாலும் இவ்வாறே நேர்கிறது. பசுவுக்கு நெருக்கடி இடுப்புக்கூட்டில் ஏற்படுகிறது. நாய்க்கோ பெரும்பாலும் முதுகெலும்புக்குள்ளேயே ஏற்படுகிறது.

நாயின் முதுகெலும்பில் கழுத்துப் பகுதியில் 7, மார்புப் பகுதியில் 13, இடுப்புப் பகுதியில் 7 முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றின் பின் 3 எலும்புகள் ஒன்றாகக் கூடிய திருவெலும்பும், அதற்கப்பால் வாலெலும்புகளும் அமைந்துள்ளன. இவ்வெலும்புகளின் நடுவே ஓடும் குழாயினுள் தண்டுவடம் செல்கிறது. மூளைக்கும் கால்களுக்கும் இடையே செய்தி கொண்டு செல்லும் பெருவாய்க்கால் இதுவே. இடுப்புப் பகுதியின் பிற்பாதியில் தண்டுவடம் முடிந்துவிடும். அங்கிருந்து நரம்புகள் குதிரை வாலைப் போலக் கற்றையாகப் பிரிந்து, பின்னங்கால்களுக்கும், சிறுநீர்ப்பைக்கும், வாலுக்கும் செல்கின்றன.

ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் அடுத்ததற்கும் இடையே மெத்தை போன்றதொரு வட்டு உண்டு. (கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே மட்டும் அது இல்லை.) இதன் அமைப்பை நுங்கைக் கொண்டு எளிதில் விளக்கலாம். வெளியே உறுதியான நார் வளையம். உள்ளே வழுவழுப்பான சதை. ஓடும்போதும் தாவும்போதும் எலும்போடு எலும்பு மோதாமல் இவ்வட்டு காக்கிறது. முற்றிய நுங்கு கடினமாவது போல, வயதாக ஆக இவ்வட்டும் மென்மையை இழக்கிறது. பிறகு நார் வளையம் கிழிந்து உள்ளிருப்பது பிதுங்கினாலும், வளையமே தடித்துப் புடைத்தாலும், மேலே ஓடும் தண்டுவடம் நெரிபடுகிறது. பம்ப்செட்டின் ரப்பர்க் குழாயை ஒருவர் மிதித்து நின்றால் வயலுக்கு நீர் போகாததைப் போல, நெரிந்த இடத்துக்குப் பின்னால் உள்ள உறுப்புகளுக்குக் கட்டளை போகாது.

இவ்விரு விதப் பிதுக்கங்களையும் 1952-இல் தெளிவாகப் பிரித்து விளக்கியவர் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் ஹான்ஸன் ஆவார். அவர் வகுத்த பிரிவையே கால்நடை மருத்துவர்கள் இன்றளவும் பின்பற்றி வருகின்றனர். முதல் வகை திடீரென்று வருவது. டாக்ஸண்டு முதலிய குட்டைக்கால் நாய்களுக்கு இளவயதிலேயே வட்டு கெட்டுச் சுண்ணாம்பு போலாகிவிடுவதால், அவற்றில் இது மிகுதி. இரண்டாம் வகை, வயதான பெரிய நாய்களில் மாதக்கணக்காக மெல்ல மெல்ல வளர்வது. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய நம் நாட்டு நாய்கள் நீண்ட கால்களை உடையவை; அவை முதல் வகைக்கு உரிய உடலமைப்பு உடையன அல்ல.

காரணங்கள் பல

தெருவில் வாழும் நாய்களுக்குப் பின்னங்கால் விழச் செய்யும் முக்கியமான காரணம் வண்டிகளே. மோதிய வேகத்தில் முள்ளெலும்பு முறிந்தோ, இடம் பெயர்ந்தோ தண்டுவடத்தை நெரிக்கிறது. விலாவெலும்புகள் முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில், அசையாத பகுதியும் அசையும் பகுதியும் சந்திக்கின்றன. ஆகையால் முறிவு அங்கே அதிகம்; வட்டுப் பிதுங்குவதும் அங்கேதான் அதிகம்.

அல்சேஷியன் முதலிய பெரிய நாய்களுக்கு வயதான காலத்தில் கடைசி இடுப்பெலும்பும் திருவெலும்பும் சேருமிடம் குறுகி, குதிரைவால் நரம்புக் கற்றை அமுங்குவதுண்டு. அத்தகைய நாய் படுத்து எழச் சிரமப்படும், படி ஏற மறுக்கும், இடுப்பைத் தொட்டால் கத்தும், வால் தொங்கும், சில வேளைகளில் சிறுநீர் தானே சொட்டும். வீட்டார் இதை வெறும் முதுமை என்று எண்ணி விட்டுவிடுகின்றனர். இவையன்றி, முதுகெலும்பில் சீழ்பிடித்தலும் கட்டிகளும்கூட நரம்பை நெரிக்கலாம்.

நரம்பு நெரிபடாமலே பின்னங்கால் விழுவதும் உண்டு. இடுப்புக்கூடு முறிந்திருக்கலாம். டிஸ்டெம்பர் என்னும் தொற்றுநோயாகவும் இருக்கலாம்; அதில் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் சளி, பின்னர் தசைத் துடிப்பு, வலிப்பு ஆகியவை காணும். எல்லாவற்றிலும் கொடியதான வெறிநோயும் இவ்வாறு வெளிப்படலாம்.

வெறிநோயை மறவாதீர்

வெறிநாய் என்றால் பாய்ந்து கடிப்பது என்றே நாம் எண்ணியிருக்கிறோம். ஆனால் வெறிநோய்க்கு ஊமை வடிவம் ஒன்று உண்டு. அதில் நாய் பாய்வதில்லை, ஒதுங்கிக் கிடக்கும். கால்கள் தளரும், கீழ்த்தாடை தொங்கும், விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகும், குரல் மாறும். தளர்ச்சி நாளுக்கு நாள் உடல் முழுவதும் பரவும். நோய்க்குறி தோன்றியபின் சில நாட்களில், பெரும்பாலும் 10 நாட்களுக்குள், நாய் இறந்துவிடும். இந்நிலையில் உள்ள நாயின் தொண்டையில் எலும்பு சிக்கியிருப்பதாக எண்ணி அதன் வாயினுள் கையை விடுவது மிகப் பெரிய அபாயம்.

நரம்பு நெரிந்த நாய்க்கோ, நெரிந்த இடத்துக்கு முன்னால் உள்ள உடல் நன்றாகவே இருக்கும். வளர்த்தவரை அறிந்து பார்க்கும், வைத்ததை உண்ணும், நீரை விழுங்கும், முன்னங்கால்களை உறுதியாக ஊன்றும். அடிபட்டதையோ, தாவியபோது அலறியதையோ கண்டவர் எவரேனும் இருப்பர். இவ்வேறுபாடுகள் பெரிதும் உதவும். எனினும் ஆரம்ப நாட்களில் கண்ணால் மட்டும் கண்டு முடிவு கூறலாகாது. முகந்தெரியாத நாயாயின், மருத்துவர் பார்க்கும் வரை அதன் வாய்க்கும் எச்சிலுக்கும் அருகே செல்லாதிருப்பதே அறிவுடைமை. குழந்தைகளை விலக்கி நிறுத்துக.

நரம்பு நெரிந்த நாயும் வலி தாங்காமல் வளர்த்தவரையே கடிக்கக்கூடும். எந்த நாய் கடித்தாலும், அதன் எச்சில் புண்ணில் பட்டாலும், உடனே அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுக. மிளகாய்ப் பொடியோ, சுண்ணாம்போ, காப்பித்தூளோ அப்புதல் கூடாது. பின்னர் தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, அரசு மருத்துவமனைக்கோ சென்று, கூறிய நாட்களில் தவறாமல் தடுப்பூசி போட்டுக்கொள்க. வெறிநோய் மனிதருக்கு வெளிப்பட்டுவிட்டால், அதன் பிறகு உயிர் காக்கும் மருந்து இல்லை.

முதல் சில மணி நேரம்

நெரிந்த நரம்புக்கு நேரமே மருந்து. காலையில் விழுந்த நாயை "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட்டால், மறுநாள் அந்த வாய்ப்பு கைநழுவிப் போகலாம்.

வீட்டு நாயாகவும், வெறிநோய்த் தடுப்பூசி போட்டதாகவும், எச்சில் ஒழுகாததாகவும் இருப்பின், அகலமான துணிநாடாவால் வாயைக் கட்டுக. மூச்சு வாங்க இடமிருக்க வேண்டும். வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சுத் திணறும் நாய்க்கும் வாயைக் கட்டலாகாது. கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குவதும், கால்களைப் பிடித்து இழுப்பதும் கூடாது. ஒரு பலகையையோ, கழற்றிய கதவையோ நாயின் முதுகுப்புறம் அணைத்து வைத்து, உடல் வளையாமல் அதன்மேல் நகர்த்துக. கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்யுமாதலால் உதவாது. துண்டுகளால் தோளையும் இடுப்பையும் பலகையோடு கட்டி, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்க. தெரு நாயாயின் நீங்களே தூக்க முயலாமல், மருத்துவருக்கோ பிராணிகள் நலச் சங்கத்துக்கோ செய்தி அனுப்பி, அவர்கள் வரும் வரை வண்டிகள் ஏறாதபடி காவல் நிற்பது நலம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. முதுகில் எண்ணெய் தேய்த்து நீவுவதும், முறுக்கி "சுளுக்கு எடுப்பதும்", முறிந்த எலும்பை மேலும் இடம் பெயர்க்கும். இடுப்பில் சூடு போடுவதால் தோல்தான் வேகும். உள்ளிருக்கும் நெரிவு தளராது. மனிதருக்கு உரிய வலி மாத்திரைகளைக் கொடுப்பதும் தவறு. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்படுத்தும்.

மருத்துவர் எதைப் பார்க்கிறார்?

நெரிவு அதிகமாக ஆக, நரம்பின் வேலைகள் ஒரு வரிசையாகக் கெடுகின்றன. முதலில், பாதம் எங்கே இருக்கிறது என்ற உணர்வு போகும். நாய் தள்ளாடும், பாதத்தின் மேற்புறத்தை ஊன்றி நடக்கும், நகங்கள் தேயும். நலமான நாயின் பாதத்தை மடக்கி வைத்தால் நொடியில் திருப்பிக்கொள்ளும். இந்த நாய் மடங்கியபடியே நிற்கும். அடுத்து, காலை அசைக்கும் ஆற்றல் போகும். பிறகு சிறுநீரை அடக்கவும் கழிக்கவும் இயலாது. கடைசியாக, விரலெலும்பை அழுத்தினாலும் வலி தெரியாத நிலை வரும். குணமடையும்போது இவை பெரும்பாலும் தலைகீழ் வரிசையில் திரும்பி வரும்.

இக்கடைசிக் குறியே நாயின் எதிர்காலத்தைக் கூறுவது. இதில் ஒரு நுட்பம் உண்டு. விரலை அழுத்தியதும் கால் சுருங்கினால், நாய்க்கு வலி தெரிந்தது என்று பொருளன்று. மூளையைக் கேளாமல் தண்டுவடமே அவ்வாறு செய்விக்கும். நாய் தலையைத் திருப்பிப் பார்த்தாலோ, கத்தினாலோதான் செய்தி மூளைக்குச் சென்றதாகும். இச்சோதனையை மருத்துவரே செய்ய வேண்டும்.

வட்டுப் பிதுங்கியும் வலியுணர்வு இருந்தால் நம்பிக்கைக்கு இடமுண்டு. தள்ளாடியேனும் நடக்கும் நாய்களில் பெரும்பாலானவை, மருந்தாலும் கண்டிப்பான ஓய்வாலும் தேறுகின்றன. அறவே நடக்க முடியாதவற்றுக்கு, எலும்பின் ஒரு பகுதியை நீக்கி நெரிவைத் தளர்த்தும் அறுவைச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. வலியுணர்வும் போயிருந்தால், விரைந்து அறுவை செய்தாலும் ஏறக்குறைய பாதி நாய்களே மீண்டும் நடக்கும். வண்டி மோதி எலும்பு முறிந்து வலியுணர்வும் போயிருப்பின், மீண்டும் நடப்பது மிக அரிது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரியும்; வட்டுப் பிதுக்கம் பெரும்பாலும் தெரியாது. அதற்கு ஸ்கேன் முதலிய சோதனைகள் தேவை. 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய நிலையங்களுக்கு உள்ளூர் மருத்துவர் அனுப்பினால், தயங்காமல் கொண்டு செல்வது நன்று.

வீட்டில் செய்யும் பணிவிடை

ஓய்வு என்றால் சங்கிலியில் கட்டிவைப்பது அன்று. எழுந்து திரும்பிப் படுக்க மட்டும் இடமுள்ள கூண்டிலோ, தட்டியடைத்த மூலையிலோ, ஏறக்குறைய 4 வாரம் வைத்திருக்க வேண்டும். ஒரு வாரத்தில் நாய் எழுந்து நடந்தாலும் ஏமாறலாகாது. வலி குறைந்ததே அன்றி, கிழிந்த வளையம் ஆறிவிடவில்லை. அப்போது அவிழ்த்துவிட்டால் மீண்டும் பிதுங்கி, முன்னிலும் மோசமாக விழும்.

சிறுநீர் தானாகக் கழியாத நாய்க்கு, நாளொன்றுக்கு 3 அல்லது 4 முறை அடிவயிற்றை மெல்ல அழுத்திச் சிறுநீர்ப்பையைக் காலி செய்ய வேண்டும். இம்முறையை மருத்துவரிடம் நேரில் கண்டு கற்றுக்கொள்க. நாள் முழுதும் ஈரமாகச் சொட்டிக்கொண்டிருப்பதால் சிறுநீர் நன்றாகப் போகிறது என்று எண்ணிவிடாதீர். பை நிரம்பி வழிவதாகவும் இருக்கலாம். தேங்கிய சிறுநீரால் சீழ்பிடித்து நாய் இறப்பதுண்டு.

கனமான வைக்கோல் படுக்கையின்மேல் உலர்ந்த சாக்கை விரித்து, 4 மணிக்கு ஒருமுறை நாயைப் புரட்டிப் படுக்கவைத்தால் படுக்கைப் புண் வராது. நனைந்த சாக்கை உடனே மாற்றுக. புண்ணில் ஈ மொய்த்தால் புழு வைக்கும். ஆகவே நாள்தோறும் உடல் முழுவதையும் பார்க்க வேண்டும். மருத்துவர் அனுமதித்த பிறகு, கால்களை மெல்ல மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்கலாம். ஒரு துண்டை அடிவயிற்றின் கீழ் கொடுத்து, பின்னுடலைத் தாங்கி நடத்தலாம்.

கால் திரும்பாத நாயும் வாழ இயலாததன்று. இலேசான பிளாஸ்டிக் குழாய்களையும் இரண்டு சிறு சக்கரங்களையும் கொண்டு, பின்னுடலைத் தாங்கும் சிறு வண்டியைக் கிராமத்திலேயே செய்துவிடலாம். முதுகெலும்பு உறுதியடைந்தது என்று மருத்துவர் கூறிய பின்னரே அதைப் பூட்ட வேண்டும். பணிவிடை செய்ய எவரும் இல்லாமல், நீங்காத வேதனையில் கிடக்கும் நாயின் நிலை வேறு. அதனை வேதனையின்றி உயிர் நீக்குவதா என்ற முடிவும் மருத்துவருடையதே. கல்லுக்கும் கயிற்றுக்கும் அதில் இடமில்லை. பிராணிகளைக் கொடுமைப்படுத்துதல் 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.

பஞ்சாயத்துகள் செய்யக் கூடியவை

தெரு நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்விக்கும் பொறுப்பை, 2023-ஆம் ஆண்டின் பிராணிகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைத்துள்ளன. தடுப்பூசி போட்ட நாய்கள் நிறைந்த ஊரில், காலிழுக்கும் நாயைக் கண்டு அஞ்ச வேண்டிய அவசியம் வெகுவாகக் குறைந்துவிடும். நாய்களின் எண்ணிக்கை கட்டுக்குள் இருந்தால், வண்டியில் அடிபடுவனவும் குறையும். திருவண்ணாமலையில் தொண்டு நிலையங்கள் இப்பணியில் ஈடுபட்டு வந்திருக்கின்றன. அத்தகையோரின் உதவியைப் பஞ்சாயத்துகள் நாடலாம்.

இவற்றுடன் செலவில்லாத சில காரியங்களும் உண்டு. கால்நடை மருந்தகத்தின் தொலைபேசி எண்ணையும், கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தியை அழைக்கும் 1962 என்ற எண்ணையும் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதிவைக்கலாம். அடிபட்ட பிராணியைத் தூக்க ஒரு பலகையும் சில கயிறுகளும் அங்கே வைத்திருக்கலாம். நிறுத்திய டிராக்டரின் நிழலில் நாய் உறங்குவது வழக்கமாதலால், வண்டியை எடுக்கும் முன் அடியில் குனிந்து பார்க்கும்படி ஓட்டுநர்களுக்குச் சொல்லலாம். நெல்லும் மணிலாவும் உலர்த்தும் சாலைகளிலும், திருவிழாக் காலங்களில் ஊருக்குள்ளும் வண்டிகளின் வேகத்தைக் குறைக்கச் செய்யலாம். நாயைக் கண்டால் எட்டி நின்று பார்த்துப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம்.

காலிழுக்கும் நாயைக் கண்டவுடன் கல்லை எடுக்கவும் வேண்டாம். கையால் எடுக்கவும் வேண்டாம். சற்று விலகி நின்று, அதன் வாயைப் பார்க்க வேண்டும். முன்னங்கால்களைப் பார்க்க வேண்டும். நடந்தது யாது என்று அருகில் உள்ளவர்களைக் கேட்க வேண்டும். பிறகு மருத்துவரை அழைக்க வேண்டும். இந்தச் சில நிமிட நிதானம் நாயின் காலைக் காக்கலாம். நம் பிள்ளைகளின் உயிரையும் காக்கலாம்.